பனியில் போட்ட கணக்கு

என் பேத்தி பிளஸ் டூ படிக்கிறாள். சென்ற மாதம் ஒரு நாள் ராத்திரி, நான் சாப்பிட்டுவிட்டு ஈஸிசேரில் சாய்ந்திருந்தபோது, பௌதிகப் புத்தகத்தோடு வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"தாத்தா, ஓர் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு எத்தனை ஜூல்?"

கதை எழுதிப் பிழைக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் தெரியாது என்று ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. "ஜூல் கணக்கு எனக்குப் பழக்கமில்லை. எர்க் என்றால் சொல்வேன்" என்றேன்.

"எர்க்கா? அது யாரு தாத்தா?"

எனக்குச் சுருக்கென்றது. நான் கல்லூரியில் படித்த நாளில் எர்க்கும் டைனும்தான் ராஜ்யம் செய்துகொண்டிருந்தன. அந்த எர்க்கால் நான் ஒரு தடவை அவமானப்பட்டும் இருக்கிறேன். பரீட்சையில் எலக்ட்ரான் வோல்ட்டை எர்க்காக மாற்றும் இடத்தில், பெருக்குவதற்குப் பதிலாக வகுத்துவிட்டேன். பேராசிரியர் என் விடைத்தாளை வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் தூக்கிப் பிடித்து, "இவர் சொல்கிற எலக்ட்ரான் ஒன்று வந்து முட்டினால் யானையைத் தரையிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் தூக்கிவிடும்!" என்றார். வகுப்பே சிரித்தது. வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். அவர் மிகைப்படுத்தவில்லை. பெரிய யானையானாலும் சரி, தூக்கத்தான் செய்யும்.

அன்றிலிருந்து, ஓர் அளவை இன்னோர் அளவாக மாற்றுவது வெறும் குமாஸ்தா வேலை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை.

ஒப்புக்கொள்ளாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1957-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதி நயா பைசா வந்தபோது நான் சிறு பையன். கடைகளில் அட்டவணை ஒட்டியிருந்தார்கள்: ஓரணாவுக்கு 6 நயா பைசா, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. உண்மையில் ஓரணா என்பது ஆறேகால் பைசா. கால் பைசாவுக்கு நாணயம் ஏது? ஆகவே நாலணாச் சாமானை ஓரணா ஓரணாவாக நான்கு தடவை போய் வாங்கினால் ஒரு பைசா மிச்சம் என்று நான் கண்டுபிடித்தேன். முதல் நாள் பலித்தது. இரண்டாம் நாள் கடைக்காரர், "தம்பி, உங்க அப்பாவை வரச் சொல்லு" என்றார். அதோடு முடிந்தது என் வியாபாரம்.

சக்தியின் கணக்கில் இந்தச் சில்லறை வித்தை நடக்காது. எந்த நாணயத்தில் மாற்றினாலும் கால் பைசா கூடக் காணாமற் போகாது. இயற்கை அவ்வளவு கறாரான கடைக்காரர். அந்தக் கறாரை நம்பி இரண்டு பேர் போட்ட ஒரு கணக்கைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அதற்கு முன் நாணயங்களைக் கொஞ்சம் பழக்கப்படுத்திக்கொள்வோம். கதை வாசிக்கிறவர்கள் இந்த இரண்டு மூன்று பத்திகளைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஓர் எள்ளை எடுத்துக்கொள்ளுங்கள். எடை ஏறக்குறைய 3 மில்லிகிராம். அதை ஒரு சென்டிமீட்டர் உயரம் தூக்கினால் செலவாகும் சக்தி சுமார் 3 எர்க். எர்க் என்பது அவ்வளவு அற்பமானது. வேலை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து அந்தப் பெயரை எடுத்து 1873-இல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகளின் கமிட்டி ஒன்று வழக்கத்துக்குக் கொண்டுவந்தது. ஒரு கோடி எர்க் சேர்ந்தால் ஒரு ஜூல். இங்கிலாந்தில் சால்ஃபோர்டு என்ற ஊரில் பீர் காய்ச்சும் தொழிற்சாலைக்காரரின் பிள்ளையாகப் பிறந்து, பாத்திரத் தண்ணீரைத் துடுப்புச் சக்கரத்தால் கலக்கி அது எவ்வளவு சூடாகிறது என்று வருஷக்கணக்கில் அளந்துகொண்டிருந்த ஜேம்ஸ் ஜூல் என்பவரின் பெயர் அது. ஆக, எர்க் ஆள் இல்லை, ஜூல்தான் ஆள். பேத்தியிடம் இதைச் சொல்லி என் மானத்தைக் கொஞ்சம் மீட்டுக்கொண்டேன்.

எலக்ட்ரான் வோல்ட் என்பது இவற்றுக்கெல்லாம் கீழே, பொடியிலும் பொடி. டார்ச் லைட்டில் போடும் செல்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓர் எலக்ட்ரான் போனால் அதற்குக் கைமாறும் சக்தி ஒன்றரை எலக்ட்ரான் வோல்ட். நம் எள்ளை ஒரு சென்டிமீட்டர் தூக்க இந்த நாணயத்தில் எவ்வளவு வேண்டும் தெரியுமா? ஏறத்தாழ இரண்டு லட்சம் கோடி!

இந்த மாற்று விகிதத்தை யார் நிர்ணயித்தது? எலக்ட்ரானின் மின்சார அளவு எவ்வளவு என்று தெரிந்தால்தான் விகிதம் கிடைக்கும். சிகாகோவில் ராபர்ட் மில்லிகன் என்பவர், ஃபிளெட்சர் என்ற மாணவரின் உதவியோடு, வாசனைத் திரவியம் பீய்ச்சுகிற குப்பி மாதிரியான கருவியால் எண்ணெய்த் துளிகளைத் தூவி, இரண்டு பித்தளைத் தகடுகளுக்கு நடுவே ஒவ்வொரு துளியும் மின்சாரத்தால் ஏறுவதையும் இறங்குவதையும் சிறு தொலைநோக்கி வழியாகப் பார்த்துப் பார்த்து அதை அளந்தார். 1913-இல் அவர் வெளியிட்ட எண்படி இன்றைய கணக்கில் ஓர் எலக்ட்ரான் வோல்ட், 1.592 என்ற எண்ணை 10-ஆல் பத்தொன்பது தடவை வகுத்தால் வருகிற ஜூல். சரியான எண் 1.602. எங்கே தவறியது? அவர் துளிகளைப் பார்த்ததில் தவறில்லை. காற்று துளியை எவ்வளவு பிடித்து இழுக்கிறது என்பதற்கு அவர் எடுத்துக்கொண்ட எண் கொஞ்சம் குறைவு. உலகமெங்கும் இருபது வருஷம் அந்த விகிதத்தில்தான் மாற்றிக்கொண்டிருந்தார்கள். எக்ஸ்-ரே கதிர்களைப் படிகங்களில் பாய்ச்சி வேறு வழியில் அளந்தவர்களுக்கு எண் ஒத்துவராமற்போய், 1930-களில் காற்றை மறுபடி அளந்த பிறகே கணக்கு நேரானது. 2019-ஆம் வருஷம் மே 20-ஆம் தேதி முதல் இந்த விகிதத்தை அளக்கவே வேண்டியதில்லை என்று சட்டமாகச் செய்துவிட்டார்கள்: 1.602176634. அவ்வளவுதான், இனி மாறாது.

மாற்று விகிதம் போதும். இனிக் கணக்குப் போட்டவர்களிடம் போவோம்.

லீஸே மைட்னர் 1878-இல் வியன்னாவில் பிறந்தவர். பெண்களுக்குக் கல்லூரிப் படிப்பு எட்டாத காலத்தில் பௌதிகம் படித்து 1906-இல் டாக்டர் பட்டம் வாங்கினார். அடுத்த வருஷம் பெர்லினுக்குப் போனார். அங்கே ரசாயன நிலையத்துக்குள் பெண்கள் நுழையக் கூடாது. கீழ்த்தளத்தில் தச்சுப் பட்டறையாக இருந்த ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தார்கள். அதற்குத் தனி வாசல். மாடி ஏறக் கூடாது. ஓட்டோ ஹான் என்ற இளம் ரசாயனக்காரர் அந்தப் பட்டறையில் அவருக்குக் கூட்டாளியானார். கூட்டு முப்பது வருஷம் நீடித்தது. ஹானுக்கு ரசாயனம், மைட்னருக்குப் பௌதிகம். காலக்கிரமத்தில் வாசல்கள் திறந்தன. 1926-இல் ஜெர்மனியிலேயே பௌதிகப் பேராசிரியர் பதவி பெற்ற முதல் பெண்மணி அவர்தான்.

1933-இல் ஹிட்லர் வந்தார். மைட்னர் யூத வம்சம். பல்கலைக்கழகத்தில் பாடம் சொல்லும் உரிமை போயிற்று. ஆஸ்திரியப் பிரஜை என்பதால் ஆராய்ச்சி நிலைய உத்தியோகம் மட்டும் மிஞ்சியது. வேலையை விட்டு வர மனமில்லாமல் இருந்துவிட்டார். நம்மில் யார்தான் முதல் இடி இடித்தவுடன் வீட்டை விட்டுக் கிளம்புகிறோம்? 1938 மார்ச்சில் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கினார். அன்றோடு மைட்னரின் பாஸ்போர்ட் வெறும் காகிதமாயிற்று. வெளியேறவும் அனுமதி இல்லை.

ஜூலை 12-ஆம் தேதி ராத்திரி எட்டு மணி வரை, யாருக்கும் சந்தேகம் வராதபடி, நிலையத்தில் உட்கார்ந்து ஓர் இளைஞரின் கட்டுரையைத் திருத்திக்கொண்டிருந்தார். பிறகு மூட்டை கட்ட ஒன்றரை மணி நேரம். முப்பத்தொரு வருஷ வாழ்க்கை இரண்டு சின்னப் பெட்டிகளில் அடங்கியது. பையில் பத்து மார்க். எல்லைக் காவலர்களுக்கு லஞ்சம் கொடுக்க நேரிட்டால் கொடுக்கட்டும் என்று ஹான் தம் தாயாரின் வைர மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். மறுநாள் டிர்க் கோஸ்டர் என்ற டச்சுப் பேராசிரியரோடு ரயிலில் எல்லையைத் தாண்டினார். அப்போது அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. அங்கிருந்து ஸ்வீடனுக்குப் போய், ஸ்டாக்ஹோமில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் சேர்ந்தார். உட்கார இடம் கிடைத்தது. கருவிகளும் உதவியாட்களும் கிடைக்கவில்லை.

பெர்லினில் அவர் பாதியில் விட்டுவிட்டு வந்த வேலை யுரேனியத்தைப் பற்றியது. 1934-இல் ரோமாபுரியில் ஃபெர்மி யுரேனியத்தின் மேல் நியூட்ரான்களை ஏவிப் பார்த்தார். விதவிதமான கதிரியக்கம் கிளம்பியது. யுரேனியத்தைவிடக் கனமான புதுப் பொருள்கள் உண்டாகின்றன என்று எல்லோரும் நினைத்தார்கள். ஹானும் மைட்னரும் ஸ்ட்ராஸ்மன் என்ற இளைஞரும் நான்கு வருஷமாக அந்தப் புதுப் பொருள்களைத் துரத்திக்கொண்டிருந்தார்கள். (ஸ்ட்ராஸ்மனைப் பற்றி ஒன்று சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. நாஜிகளின் எந்தச் சங்கத்திலும் சேர மறுத்தவர். யுத்தத்தின் நடுவே ஒரு யூதப் பெண்ணைத் தம் வீட்டில் ஒளித்து வைத்தவர்.) அணுக்கரு இரண்டாக உடைந்துபோயிருக்கலாமே என்று 1934-லேயே ஒரு குரல் கேட்டது. சொன்னவர் ஈடா நோடாக் என்ற ஜெர்மானியப் பெண்மணி. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஏன் போட்டுக்கொள்ளவில்லை என்பதற்கு நம் பொடி நாணயமே காரணம் சொல்லும். வேகம் தணிந்த நியூட்ரான் ஒன்றின் சக்தி, ஓர் எலக்ட்ரான் வோல்ட்டில் நாற்பதில் ஒரு பங்கு. யுரேனியம் தானாகக் கக்குகிற துணுக்கின் சக்தி நாற்பது லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டுக்குச் சற்று மேலே. அதற்கு மேற்பட்ட எதையும் யாரும் எதிர்பார்க்கவில்லை. நாற்பதில் ஒரு பங்கைக் கொடுத்துவிட்டு மலையே பிளந்துவிட்டது என்றால் யார் நம்புவார்கள்? ரோமாபுரியில் யுரேனியத்தின் சொந்தத் துணுக்குகள் தொந்தரவு கொடுக்காமலிருக்க மேலே மெல்லிய அலுமினியத் தகட்டைச் சுற்றினார்கள். பிளந்து பாய்ந்த துண்டுகளும் அந்தத் தகட்டோடேயே நின்றுவிட்டன! தகடு மட்டும் இல்லாவிட்டால் முஸோலினியின் இத்தாலியில் சில வருஷம் முன்னதாகவே ரகசியம் வெளிப்பட்டிருக்கும். அந்தத் தகட்டுக்கு நாம் எவ்வளவு கடமைப்பட்டிருக்கிறோமோ!

1938 டிசம்பரில் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் ஒரு முடிவுக்குத் தள்ளப்பட்டார்கள். யுரேனியத்திலிருந்து கிடைத்தது பேரியம். யுரேனியத்தின் வரிசை எண் 92, பேரியத்தின் எண் 56. பக்கத்து வீட்டுக்காரன் இல்லை, ஊருக்கு மறுகோடியில் இருப்பவன். எப்படி வந்தான்? 19-ஆம் தேதி ஹான் மைட்னருக்குக் கடிதம் எழுதினார். நாடு கடந்துபோன கூட்டாளியைத் தவிர விளக்கம் கேட்க அவருக்கு வேறு ஆள் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு மைட்னர் ஸ்வீடனின் மேற்குக் கரைப் பக்கம் குங்கெல்வ் என்ற சிற்றூரில் சிநேகிதர் வீட்டுக்கு வந்திருந்தார். பண்டிகைக்கு உறவு என்று வந்து சேர்ந்தவர் ஓட்டோ ஃபிரிஷ். கோபன்ஹேகனில் நீல்ஸ் போரிடம் வேலை செய்த முப்பத்து நாலு வயது இளைஞர். மைட்னரின் அக்காள் மகன். நம் ஊர் முறையில் சொன்னால் அவருக்கு மைட்னர் சித்தி. ஃபிரிஷின் தகப்பனார் அந்தச் சமயம் நாஜிகளின் சிறை முகாமில் இருந்தார் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பண்டிகை எப்படி இருந்திருக்கும்!

(ஹான், ஃபிரிஷ் இருவர் பெயரும் ஓட்டோ. கதாசிரியனாக இருந்தால் ஒருவருக்கு வேறு பெயர் வைத்திருப்பேன். சரித்திரத்துக்கு அந்தச் சௌகரியம் இல்லை.)

காலையில் ஃபிரிஷ் தாம் செய்யப்போகும் பரிசோதனையைப் பற்றிச் சித்தியிடம் சொல்ல ஆசையோடு வந்தார். சித்தி அதைக் கேட்கவே இல்லை. கடிதத்தைப் படி என்று நீட்டினார். படித்துவிட்டு, ஹான் எங்கோ பிசகியிருக்கிறார் என்றார் பிள்ளை. ஹான் ரசாயனத்தில் பிசகுகிற ஆளே இல்லை என்றார் சித்தி. தர்க்கம் வெளியே பனிக்குப் போயிற்று. ஃபிரிஷ் காலில் பனிச்சறுக்குக் கட்டைகளைக் கட்டிக்கொண்டார். அறுபது வயதுச் சித்தி வெறும் காலணியோடு, நடந்தே உன் கூட வருவேன் என்று சொல்லி, வரவும் செய்தார்.

அணுக்கருவைக் கல் மாதிரி நினைத்தால் பிளக்க முடியாது. பலாப்பழத்தைக் கத்தியால் பிளப்பது போன்ற காரியமும் இல்லை. ஆனால் அணுக்கரு ஒரு நீர்த்துளி மாதிரி என்று ஏற்கனவே சிலர் சொல்லியிருந்தார்கள். தாமரை இலையில் உருளும் துளியைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? இலையை ஆட்டினால் நீண்டு, இடை சிறுத்து, இரண்டு துளியாகும். சாதாரணமாகத் துளியைத் திரட்டி வைத்திருப்பது அதன் தோல் இறுக்கம். யுரேனியத் துளிக்குள்ளேயோ 92 மின்சாரப் பங்குகள் ஒன்றையொன்று வெறுத்துத் தள்ளிக்கொண்டிருக்கின்றன. தோலின் இறுக்கத்தை அந்தத் தள்ளல் கிட்டத்தட்ட ரத்து செய்துவிடுகிறது. ஆகவே யுரேனியம் எப்போது வேண்டுமானாலும் உடையக் காத்திருக்கும் துளி. நியூட்ரான் அதைத் தொட்டால் போதும்.

இந்த இடத்தில் இருவரும் விழுந்து கிடந்த ஓர் அடிமரத்தின் மேல் உட்கார்ந்து, கையில் கிடைத்த துண்டுக் காகிதங்களில் கணக்குப் போட ஆரம்பித்தார்கள்.

துளி உடைந்தால் துண்டுகள் எவ்வளவு சக்தியோடு பாயும்? நாம் எர்க்கில் போட்டுப் பார்ப்போம். ஒரு துண்டில் பேரியத்தின் 56 பங்கு. இன்னொன்றில் மீதி 36. இரண்டையும் பெருக்கினால் 2016. இரண்டு துண்டுகளின் மையத்துக்கும் இடையே உள்ள தூரம், ஒரு சென்டிமீட்டரை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் ஒன்றரைப் பங்கு. எலக்ட்ரானின் மின்சார அளவை வைத்துக்கொண்டு பெருக்கி வகுத்தால் 0.0003 எர்க் வருகிறது. அதை எலக்ட்ரான் வோல்ட்டாக மாற்றினால் ஏறத்தாழ இருபது கோடி. மில்லிகனின் பழைய விகிதமா, திருத்திய விகிதமா என்பதெல்லாம் அடிமரத்துக் கணக்குக்கு ஒரு பொருட்டே இல்லை.

நாற்பதில் ஒரு பங்கைச் செலவு செய்து இருபது கோடி வரவு! எண்ணூறு கோடி மடங்கு. இந்த மாதிரி வரவு காட்டுகிற கணக்குப்பிள்ளையை யாரும் உடனே சந்தேகிப்பார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்பார்கள். ஃபிரிஷும் சித்தியும் அதைத்தான் கேட்டுக்கொண்டார்கள்.

பொன் வேலை செய்கிறவரிடம் சேதாரம் என்று ஒன்று உண்டல்லவா? கொடுத்த தங்கத்தின் எடையைவிடச் செய்த நகையின் எடை கொஞ்சம் குறையும். அணுக்கருக்களிலும் அப்படி ஒரு சேதாரம் இருக்கிறது. இன்ன அணுக்கருவுக்கு எவ்வளவு என்று கணக்கிட ஒரு சூத்திரமும் அன்று இருந்தது. அது புத்தகங்களில் இருந்தது. புத்தகங்கள் பெர்லினில் இருந்தன. மைட்னருக்கு அது மனப்பாடம். பனியில் உட்கார்ந்தபடியே நினைவிலிருந்து எடுத்துக் கணக்கிட்டார். யுரேனியத்தைவிட இரண்டு துண்டுகளின் கூட்டு எடை குறைவு. குறைவது ஒரு புரோட்டானின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. மொத்தத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

1909-இல் சால்ஸ்பர்க் நகரில் ஐன்ஸ்டைன் என்ற முப்பது வயது மனிதர் பேசியதைக் கேட்டவர்களில் மைட்னரும் ஒருவர். எடையும் சக்தியும் ஒன்றே, எடையை ஒளியின் வேகத்தால் இரண்டு தடவை பெருக்கினால் சக்தி என்பதை அங்கேதான் முதன்முதலாகக் கேட்டாராம். அந்தப் பேச்சை வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. இருபத்தொன்பது வருஷம் கழித்து இந்த அடிமரத்தின் மேல் அது உதவிக்கு வந்தது. புரோட்டானின் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து, ஒளியின் வேகத்தால் இரண்டு தடவை பெருக்கிப் பாருங்கள். 0.0003 எர்க். இருபது கோடி எலக்ட்ரான் வோல்ட்!

மின்சாரம் தள்ளுவதைக் கணக்கிட்டால் வருகிற தொகையும், எடை குறைவதைக் கணக்கிட்டால் வருகிற தொகையும் ஒன்று. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு பேரேடுகள் ஒரே இலக்கத்தில் முடிகின்றன. இயற்கையின் கறாரைப் பற்றி ஆரம்பத்தில் சொன்னேனே, அது இதுதான். கருவி இல்லை, ஆய்வுக்கூடம் இல்லை. பெர்லினிலிருந்து இரண்டு சின்னப் பெட்டிகளைத் தவிர வேறெதையும் எடுத்துவர முடியாத ஓர் அம்மாள், தலைக்குள் எடுத்துவந்ததை வைத்துக்கொண்டு போட்ட கணக்கு.

இருபது கோடி என்றால் பெரிதா, சிறிதா? 0.0003 எர்க் என்றால் ஒன்றுமே இல்லை போலத் தோன்றுகிறது. ஃபிரிஷ் பிற்காலத்தில் இதற்கு ஓர் உவமை சொன்னார்: ஒரே ஓர் அணுக்கரு உடைவதால், கண்ணுக்குத் தெரிகிற மணல் துகள் ஒன்று கண்ணுக்குத் தெரிகிற அளவு துள்ளும். இதை எழுதும்போது எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பேத்தியைக் கூப்பிட்டேன்.

"ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அகலமுள்ள நைஸ் மணல். எவ்வளவு உயரம் துள்ளும் சொல்லு, பார்க்கலாம்."

பென்சிலைக் கடித்துக்கொண்டு போட்டாள். "எள்ளில் ரெண்டாயிரத்தில் ஒரு பங்கு எடை... ரெண்டு மில்லிமீட்டர் தாத்தா. கொஞ்சம் மேலேயே வருது." பிறகு அவளே, "ஒரே ஓர் அணுவுக்கா?" என்றாள்.

ஒரே ஓர் அணுவுக்கு. அந்த மணல் துகளிலேயே நானூறு கோடி கோடி அணுக்களுக்கு மேல் இருக்கின்றன. நிலக்கரி எரியும்போது ஒரு கரி அணுவுக்குக் கிடைப்பது நாலே எலக்ட்ரான் வோல்ட். அடுப்பில் நாலு, இங்கே இருபது கோடி.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. ஃபிரிஷ் கோபன்ஹேகனுக்குத் திரும்பிப் போரிடம் சொன்னார். பாதி சொல்வதற்குள்ளேயே போர் நெற்றியில் அடித்துக்கொண்டு, நாமெல்லோரும் எப்பேர்ப்பட்ட முட்டாள்களாக இருந்துவிட்டோம் என்றாராம். ஜனவரி 13-ஆம் தேதி ஃபிரிஷ் கருவி வைத்துப் பார்த்தார். துண்டுகள் சொன்ன சக்தியோடு பாய்ந்தன. உயிரணு இரண்டாவதற்கு நீங்கள் என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள் என்று அங்கே இருந்த ஓர் அமெரிக்க உயிரியல்காரரிடம் கேட்டு அதே பெயரை இதற்கும் வைத்தார். சித்தியும் பிள்ளையும் ஸ்டாக்ஹோமுக்கும் கோபன்ஹேகனுக்கும் டெலிபோனில் பேசிப் பேசி எழுதிய கட்டுரை 1939 பிப்ரவரி 11-ஆம் தேதி 'நேச்சர்' பத்திரிகையில் வந்தது. ஹானும் ஸ்ட்ராஸ்மனும் பேரியத்தைப் பற்றி எழுதிய கட்டுரை ஒரு மாதம் முன்னதாகவே ஜெர்மனியில் வந்துவிட்டது. அதில் மைட்னரின் பெயர் இல்லை. ஓடிப்போன யூதப் பெண்ணின் பெயரை அன்று அங்கே போட முடியாது.

ஓர் அணுவின் கணக்கை ஒரு கிராமுக்குப் பெருக்குவது ஒன்றும் கஷ்டமில்லை. நம் வீட்டு மின்சார மீட்டர் பாஷையிலேயே சொல்கிறேன். ஒரு கிராம் யுரேனியம்-235 முழுவதும் பிளந்தால் வரும் வெப்பம் கிட்டத்தட்ட 22,800 யூனிட். மாதம் 200 யூனிட் செலவாகும் குடும்பத்துக்கு ஒன்பது வருஷத்துக்கு மேல் காணும். (மின்சாரமாக மாற்றும்போது மூன்றில் இரண்டு பங்கு வீணாகும் என்பது வேறு விஷயம்.) ஒரு சிட்டிகை உலோகம், மூன்று டன் நிலக்கரி.

பெருக்கத் தெரிந்தவர்கள் எல்லா நாட்டிலும் இருந்தார்கள். 1940-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஃபிரிஷும் அவரைப் போலவே அகதியான பியர்ல்ஸ் என்பவரும் சேர்ந்து, எத்தனை யுரேனியம் இருந்தால் வெடிகுண்டாகும் என்று கணக்குப் போட்டார்கள். டன் கணக்கில் வேண்டும் என்று பலர் நினைத்திருந்தார்கள். விடை கிலோ கணக்கில் வந்தது. ஹிட்லரிடமும் பெருக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களே என்ற பயத்தில் அதை அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். பிறகு ஃபிரிஷ் அமெரிக்காவில் லாஸ் அலமோஸுக்குப் போனார். 1943-இல் மைட்னரையும் கூப்பிட்டார்கள். வெடிகுண்டு வேலையில் எனக்குச் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஸ்டாக்ஹோமில் அப்போதும் அவருக்கு நல்ல கருவியோ உதவியாளோ இல்லை என்பதைச் சேர்த்துப் பாருங்கள். லாஸ் அலமோஸில் பழைய நண்பர்கள், பிள்ளை, வேலை எல்லாம் காத்திருந்தன.

1945 ஆகஸ்டு 6-ஆம் தேதி ஹிரோஷிமாவின் மேல் விழுந்த குண்டில் 64 கிலோ யுரேனியம் இருந்தது. அதில் பிளந்தது ஒரு கிலோவுக்கும் குறைவு. பிளந்ததில் சக்தியாக மாறி மறைந்தது, அதாவது சேதாரம், ஒரு கிராம் கூட இல்லை. ஐந்தாறு குன்றிமணி எடை. அந்த வருஷ முடிவுக்குள் இறந்தவர்கள் ஏறத்தாழ 1,40,000 பேர் என்று மதிப்பிடுகிறார்கள். இந்த வரியைப் பேத்திக்கு நான் கணக்காகக் கொடுக்கவில்லை.

பத்திரிகைகள் மைட்னரைச் சூழ்ந்துகொண்டன. வெடிகுண்டு ரகசியத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டு ஜெர்மனியிலிருந்து ஓடிவந்தவர் என்றெல்லாம் கதை கட்டினார்கள். எங்கள் தொழில்காரர்களுக்கே வெட்கமான கதைகள். அதே வருஷம் நவம்பரில், 1944-ஆம் ஆண்டுக்கான ரசாயன நோபல் பரிசு ஹானுக்கு என்று அறிவித்தார்கள். ஹானுக்கு மட்டும். பேரியத்தைக் கண்டது ரசாயனம், உண்மைதான். அதற்கு அர்த்தம் சொன்னதும் எவ்வளவு என்று கணக்கிட்டதும் யார்? அவரை ரயிலேற்றிக் காப்பாற்றிய நல்ல மனிதர்தான் ஹான். ஆனாலும் பரிசுக்குப் பிறகு, இது முழுக்க ரசாயனத்தின் வெற்றி, பௌதிகம் குறுக்கே நின்று தடுத்துக்கொண்டுதான் இருந்தது என்கிற மாதிரிப் பேசிவந்தார். மோதிரத்தைக் கொடுக்கிற மனசு ஒன்று, பங்கைக் கொடுக்கிற மனசு வேறு போலிருக்கிறது.

மைட்னர் நட்பை முறித்துக்கொள்ளவில்லை. ஆனால் யுத்தம் முடிந்த கோடையில் ஹானுக்கு ஒரு கடிதம் எழுதினார். நீங்களெல்லோரும் நாஜி ஜெர்மனிக்காக வேலை செய்தீர்கள், எதிர்க்க முயலக் கூட இல்லை என்று பட்டென்று எழுதினார். அது ஹானின் கைக்குப் போய்ச் சேரவில்லை. 1933-லேயே வெளியேறாமல் இருந்தது தம் தவறு என்றும் அவர் பிற்பாடு சொன்னார். மற்றவர்கள் மேல் போட்ட கணக்கைத் தம் பேரிலும் போட்டுப் பார்த்தவர்.

1966-இல் அமெரிக்க அரசாங்கம் ஃபெர்மி பரிசை ஹான், மைட்னர், ஸ்ட்ராஸ்மன் மூவருக்கும் பகிர்ந்து கொடுத்தது. 1968 அக்டோபர் 27-ஆம் தேதி, தொண்ணூறாவது பிறந்த நாளுக்குச் சில நாட்களே இருக்கும்போது, கேம்பிரிட்ஜில் மைட்னர் இறந்தார். பிராம்லி என்ற கிராமத்தில் அவர் கல்லறை இருக்கிறது. மனிதத் தன்மையை ஒருநாளும் இழக்காத பௌதிக விஞ்ஞானி என்ற பொருளில் அதன் மேல் ஒரு வரி. எழுதிக் கொடுத்தவர் அக்காள் மகன் ஃபிரிஷ். 1997-இல் 109-ஆம் எண்ணுள்ள தனிமத்துக்கு மைட்னரின் பெயரை வைத்தார்கள். ஹானின் பெயரில் இன்று வரை தனிமம் இல்லை.

அந்த வைர மோதிரத்துக்கு எல்லையில் வேலை வரவில்லை. காவலர்கள் யாரும் தடுக்கவில்லை. மைட்னர் அதைப் பத்திரமாக வைத்திருந்தார். பின்னாளில் அதை ஃபிரிஷின் மனைவி விரலில் போட்டுக்கொண்டிருந்தார்.